சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லுங்கள்

கண்புரை அறுவைக்கு முன்பு செய்கிற பரிசோதனையில்தான் என் பெரியம்மாவின் இதய வால்வு சுருங்கிப்போயிருந்தது தெரியவந்தது. அப்போது அவருக்கு 74 வயது. கண் ஆஸ்பத்திரியில் இருந்த இளம் பெண் மருத்துவர் முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். முந்தானையை விலக்கி, நெஞ்செலும்புக்கு வலப்பக்கம் மேலே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கழுத்திலும் வைத்துக் கேட்டார். “பாட்டி, உங்க நெஞ்சுல ஒரு சத்தம் கேக்குது. இதுக்கு முன்னாடி யாராவது சொல்லியிருக்காங்களா?” “எனக்கு பி.பி. மட்டும்தாம்மா” என்றார் பெரியம்மா.

அதற்கு முந்தைய மூன்று வருடமும் மாதம் தவறாமல் ஒரே டாக்டரிடம் போய்வந்தவர் அவர். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குக் காய்ச்சல் பார்த்த டாக்டர் அவர். கைராசிக்காரர், நல்ல மனிதர். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னபோது, வயசானா அப்படித்தான் என்றார். கால் வீங்கியபோது நீர் மாத்திரை கொடுத்தார். நெஞ்சை அடைக்கிறது என்றதற்கு கேஸ் மாத்திரை. அடுப்படியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து விழுந்தபோது ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. நான்கையும் ஒரே சீட்டில் அடுத்தடுத்து எழுதியிருந்தால், மருத்துவக் கல்லூரி மாணவர்கூட வால்வைச் சந்தேகப்பட்டிருப்பார். அந்தச் சீட்டு எழுதப்படவே இல்லை. கண்ணுக்குப் போனவர் இதய நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்தார். அறுவைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாளுக்குப் பதினொரு நாள் முன்பு, விடியற்காலையில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

சொந்த வீட்டுத் துக்கத்தைத் தலையங்கத்தில் எழுதும் வழக்கம் நமக்கு இல்லை. ஆனால் இதைச் சொன்ன இடத்திலெல்லாம், “எங்க மாமாவுக்கும் இப்படித்தான்”, “எங்க அப்பத்தாவுக்கும் கடைசியிலதான் தெரிஞ்சுது” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். நெஞ்சைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டிய நோயை, வயதைக் கேட்டுச் சொல்லிவிடுகிறோம். ஒரு டாக்டரின் பிழை என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

வால்வு என்றால் என்னவென்று கிணற்று மோட்டார் வைத்திருக்கிற எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபுட் வால்வு ஒழுகினால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் மேலே ஏறாது. இதயத்தில் நான்கு வால்வுகள். நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடுகின்றன. ஒழுக்கு ஒரு வகைக் கோளாறு. முதுமையில் அதைவிடக் கொடியது இன்னொன்று: உடம்பு முழுவதற்கும் ரத்தம் போகிற பெருந்தமனி வாயிலில் உள்ள வால்வில் கால்சியம் படிந்து இறுகிப்போவது. உப்புத்தண்ணீர் ஊர்களில் குழாய் முனையில் வெள்ளைப் பக்குப் படிந்து, தண்ணீர் நூலாக வருமே, அதே கதைதான். நல்ல நிலையில் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கிற வாயில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் கீழே வந்துவிட்டால் நோய் கடுமை என்று பெயர். சுண்டுவிரல் நகத்தளவு வழியில் உடம்பு முழுவதற்குமான ரத்தத்தை இதயம் தள்ளியாக வேண்டும். தள்ளும், பல வருடம் சத்தமில்லாமல் தள்ளும். சதை தடித்துக்கொண்டே போகும். ஒருநாள் முடியாமல் போகும்.

அந்த நாள் வந்தபின் கிடைக்கிற அவகாசம் கொஞ்சம்தான். ஜான் ராஸ், யூஜின் பிரான்வால்ட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1968இல் எழுதிய கணக்கை இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் சொல்லித்தருகிறார்கள். இந்த வால்வுச் சுருக்கத்தில் நெஞ்சுவலி தொடங்கினால் சராசரி ஆயுள் சுமார் ஐந்து வருடம், மயக்கம் தொடங்கினால் மூன்று, இதயம் தளர்ந்து மூச்சு வாங்கத் தொடங்கினால் இரண்டே. பல புற்றுநோய்களுக்கு இதைவிட நீண்ட தவணை உண்டு. புற்றுநோய் என்றால் வீடே அலறுகிறது. இதற்கு ஒரு கேஸ் மாத்திரையோடு திரும்பி வருகிறோம்.

எத்தனை பேருக்கு இருக்கும்? அமெரிக்காவில் எடுத்த கணக்கு ஒன்று 2006இல் வெளிவந்தது. 75 வயதைத் தாண்டியவர்களில் எட்டில் ஒருவருக்கு நடுத்தரமான அல்லது கடுமையான வால்வு நோய் இருந்தது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தில், 65 வயதைக் கடந்த 2,500 பேரைக் குடும்ப மருத்துவர்களின் பதிவேட்டிலிருந்து அழைத்து எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2016இல் வந்தது. பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு வால்வுக் கோளாறு அன்றுதான் முதன்முதலாகத் தெரியவந்தது. பெரும்பாலும் லேசானவை, கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் நூற்றில் ஆறு பேருக்குக் குறையாமல், நடுத்தரமான அல்லது கடுமையான நோயை யாருக்கும் தெரியாமல் சுமந்துகொண்டிருந்தார்கள். குடும்ப மருத்துவர் முறைக்கே முன்மாதிரி என்று சொல்லப்படும் நாட்டில் இந்த நிலை.

அந்த விகிதத்தை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. நம் கணக்கு இன்னும் சிக்கலானது. 2021ஆம் ஆண்டுக்கான மக்கள்தொகை மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், அதாவது ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். கேரளத்தை விட்டால் நாட்டிலேயே முதுமை மிகுந்த மாநிலம் நம்முடையது. மேல்நாட்டு முதியவர்களுக்கு வருகிற கால்சியப் படிவு நமக்கும் வந்துவிட்டது. அவர்கள் ஏறக்குறைய மறந்தே போன கீல்வாதக் காய்ச்சலோ நம்மை இன்னும் விடவில்லை. சிறுவயதில் தொண்டைப்புண்ணோடு வந்து, மூட்டுகளை வீங்க வைத்து, போகிறபோது நான்கு வால்வுகளில் ஒன்றான மைட்ரலில் வடுவை விட்டுப்போகிற காய்ச்சல் அது. 1960களிலும் 70களிலும் ஓட்டுப் பள்ளிக்கூடங்களில் நெருக்கியடித்து உட்கார்ந்து படித்த பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகள். அவர்களில் சிலருக்கு அந்த வடு ஐம்பது வருடம் கழித்து இப்போதுதான் வேலையைக் காட்டுகிறது. நாடித்துடிப்பு தாறுமாறாகி, இதயத்துக்குள் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வந்து விழுந்தபின் எக்கோ எடுத்து, “அம்மாவுக்கு மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கு” என்று சொல்வது இங்கே அபூர்வம் இல்லை. முன்னரே தெரிந்திருந்தால் மாத்திரையே வேறாக இருந்திருக்கும். இந்த வகை நோயாளிகளுக்கு ரத்தம் உறையாமல் தடுப்பதில் புதிய ரிவராக்சபானைவிடப் பழைய வார்ஃபரின் வகையே உயிரைக் காக்கிறது என்று 2022இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. வால்வு தெரியாமல் நாடியை மட்டும் பார்த்து மருந்து எழுதினால் தவறான மருந்தாகிவிடலாம்.

இனி, மாலை ஆறு மணிக்கு ஒரு சிறு நகரத்துக் கிளினிக்கில் போய் உட்கார்ந்து பாருங்கள். வெளியே பெஞ்சில் நாற்பது பேர். சுவரில் தொலைக்காட்சி ஓடுகிறது. டோக்கன் கூப்பிட்டதும் பெரியவர் உள்ளே போய் ஸ்டூலில் உட்காருகிறார். முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பி.பி. பட்டை சுற்றப்படுகிறது. ஸ்டெதாஸ்கோப் சட்டைக்கு மேல் முதுகில் இரண்டு இடம் படுகிறது, அதுவும் சளி இருக்கிறதா என்று பார்க்க. தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்கிறது. பெண்கள் என்றால் சேலைக்கு மேல், ஜாக்கெட்டுக்கு மேல். அங்கே கேட்பது துணி உரசுகிற சத்தம். டாக்டருக்கும் கூச்சம், அவருக்கும் கூச்சம், கூட வந்த மருமகளுக்கும் கூச்சம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1816இல் பாரிஸில் ரெனே லேனெக் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்ததே இந்தக் கூச்சத்தால்தான். ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கிக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. கூச்சத்தைத் தாண்டப் பிறந்த கருவியை இருநூறு வருடம் கழித்து நாம் கூச்சத்துக்குக் கட்டிப்போட்டிருக்கிறோம். ஒரு பெண் செவிலியரை அருகில் நிறுத்திக்கொண்டு, முந்தானையைக் கொஞ்சம் விலக்கச் சொல்ல அரை நிமிடம் போதும்.

மருத்துவரை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. “ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர், பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்கிறவர்கள் நாம்தான். பெரியவர்களும் லேசில் சொல்லிவிட மாட்டார்கள். மூச்சு வாங்குதா என்று கேட்டால் இல்லை என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். ஏனென்றால் மூச்சு வாங்குகிற வேலையை அவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கோயிலில் மூன்று சுற்று சுற்றியவர் ஒன்றோடு நிறுத்தி, பிறகு கொடிமரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டிருப்பார். மாடியில் வடாம் காயப்போட்டவர் இந்தக் கோடையில் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றிருப்பார். நோய் இப்படித்தான் ஒளிந்துகொள்கிறது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “போன தீபாவளிக்குச் செஞ்சு, இந்தத் தீபாவளிக்கு விட்டது என்ன?” எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்து மருத்துவர் இந்தக் கேள்வியைக் கேட்டே பலரை எக்கோவுக்கு அனுப்பியிருக்கிறார்.

ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாலே எல்லாம் தெரிந்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. அதே ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வைச் சேர்ந்தவர்கள் 2018இல் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். அறிகுறி இல்லாத முதியவர்களிடம், கவனித்துப் பார்க்க வேண்டிய அளவு நோய் இருந்தபோதும் குடும்ப மருத்துவர்களின் காதுக்கு எட்டியது நூற்றில் 44 பேரிடம் மட்டும். பாதிக்கு மேல் தப்பிப் போனது. இன்னொரு வஞ்சகமும் உண்டு. நோய் முற்றி இதயம் தளர்ந்துவிட்டால், தள்ளுகிற ரத்தமே குறைந்து, ரம்பம் அறுப்பதுபோல் கேட்ட சத்தம் தணிந்துவிடும். சத்தம் குறைந்தது நோய் குறைந்ததற்கு அடையாளம் ஆகாது. ஆகவே காதில் விழுந்தால் எக்கோவுக்கு அனுப்ப வேண்டும். விழாவிட்டாலும், மூச்சு, மயக்கம், நெஞ்சுவலி என்று பெரியவர் சொன்னால் அப்போதும் அனுப்ப வேண்டும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் தந்த வழிகாட்டுதல் இதில் கறாராகவே இருக்கிறது: உடம்பை வருத்தும் வேலையின்போது மயங்கி விழுந்தவருக்கு, இதயம் சுருங்கும் நேரத்தில் ‘மர்மர்’ என்ற அந்தச் சத்தம் கேட்டால், இரண்டு வாரத்துக்குள் எக்கோவோடு கூடிய நிபுணர் பரிசோதனை நடந்தாக வேண்டும்.

நம் ஊரிலோ “ஈசிஜி நார்மல்” என்ற இரண்டு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஈசிஜி இதயத்தின் மின்சாரத்தைக் காட்டும். வால்வு திறக்கிறதா, மூடுகிறதா என்பதை அது நேராகக் காட்டாது. அதைவிட மோசம், மூச்சு வாங்குகிற பெரியவரை நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்காமலே ட்ரெட்மில்லில் ஏற்றுவது. அறிகுறியோடு கூடிய கடும் வால்வுச் சுருக்கத்தில் அந்தச் சோதனை கூடவே கூடாது. ரத்தசோகைக்கும் வால்வுச் சுருக்கத்தோடு தொடர்பு இருக்கலாம். எட்வர்ட் ஹெய்டு என்ற மருத்துவர் 1958இலேயே இதைக் குறித்து வைத்தார். குறுகிய வால்வின் வழியே பாய்கிற வேகத்தில், ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு புரதம் சிதைகிறது, குடலில் கசிவு ஏற்படுகிறது, முகம் வெளுக்கிறது. பெரியம்மாவுக்கு அதுதானா என்று இனிச் சொல்ல முடியாது. மூன்று வருடம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டார் என்பது மட்டும் தெரியும்.

“எண்பது வயசுக்காரருக்குக் கண்டுபிடித்து என்ன செய்யப்போகிறோம், ஆபரேஷன் தாங்குவாரா?” என்று கேட்பவர்கள் உண்டு. மருத்துவர்களே கேட்கிறார்கள். இருபது வருடப் பழைய கேள்வி அது. 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே என்ற மருத்துவர், நெஞ்சைப் பிளக்காமல், தொடையின் ரத்தக்குழாய் வழியே செயற்கை வால்வை இதயத்துக்குள் கொண்டுபோய்ப் பொருத்தினார். டாவி என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். அறுவை தாங்காது என்று கைவிடப்பட்டவர்களிடம் இதைச் சோதித்த பார்ட்னர் ஆய்வு 2010இல் வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர் ஒரு வருடத்துக்குள் இறந்தார்கள். டாவி செய்துகொண்டவர்களில் இறந்தோர் 31 சதவீதம். இந்தியாவிலேயே தயாராகும் மைவால் என்ற வால்வு இன்று வெளிநாடுகளுக்கும் போகிறது. செலவு இன்னும் பல லட்சம், அது உண்மை. ஆனால் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றும் அறுவை முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் அடங்கும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானின் குழுவினர் உருவாக்கி, 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, வெளிநாட்டு வால்வுக்கு வழியில்லாத ஏழைகளை மனதில் வைத்துச் செய்ததுதான். சுருக்கத்தைக் கரைக்கும் மாத்திரை மட்டும் இன்றுவரை இல்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டினைக் கொடுத்துப் பார்த்தும் பலிக்கவில்லை. ஆகவே காலத்தில் கண்டுபிடிப்பதே பாதி வைத்தியம். லேசான நோய் என்றால் சில வருடத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், யாரும் பயப்பட வேண்டியதில்லை. அறுவையே வேண்டாம் என்று முடிவு செய்கிற குடும்பத்துக்கும், நாளைக்கு இடுப்பெலும்பு முறிந்து மயக்கமருந்து கொடுக்கும் நிலை வந்தால் வால்வு பற்றிய செய்தி உயிருக்குச் சமம்.

அரசு என்ன செய்யலாம்? வீடுகள்வரை போகும் ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுபோகிறார்கள். அவர்கள் கையில் உள்ள பதிவேட்டில் இரண்டு கேள்வி சேரட்டும்: மயங்கி விழுந்தாரா, முன்பு நடந்த தூரம் இப்போது நடக்கிறாரா. 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டம் மாரடைப்புக்கு முதல் மருந்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கச் செய்தது, நல்ல காரியம். அதே நிலையத்துக்கு மாதம் ஒருநாள் கையடக்க எக்கோ கருவியோடு ஒரு தொழில்நுட்பர் போய்வர ஏற்பாடு செய்வது அதைவிடப் பெரிய காரியம் இல்லை. கண்புரை முகாமுக்கு வருகிற ஒவ்வொரு முதியவரின் நெஞ்சிலும் ஸ்டெதாஸ்கோப் படவேண்டும் என்று ஓர் ஆணை போட்டால் அதற்குப் பைசா செலவில்லை. என் பெரியம்மாவைப் போன்றவர்கள் கூட்டமாக வருகிற இடம் அது. மருத்துவ மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுக்கிறார்கள். அந்த வீட்டுத் தாத்தாவின் நெஞ்சில்தான் அவர்கள் முதல் மர்மரைக் கேட்டுப் பழக வேண்டும். செயற்கை நுண்ணறிவு பொருத்திய ஸ்டெதாஸ்கோப் வரப்போகிறது என்கிறார்கள். வரட்டும். அதையும் சேலைக்கு மேல் வைத்தால் துணி உரசுகிற சத்தத்தைத்தான் அது ஆராயும்.

இவற்றில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், எக்கோவுக்குச் செலவழியுங்கள். சந்தேகப்பட்ட மருத்துவருக்கு அனுப்ப இடம் இல்லாவிட்டால், நாளடைவில் அவர் சந்தேகப்படுவதையே விட்டுவிடுவார். அறுபது கிலோமீட்டர் பயணம், ஒரு நாள் கூலி, தனியார் நிலையத்தில் கட்டணம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “அடுத்த மாசம் பாக்கலாம்” என்பதுதான் இன்று நடக்கிறது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மாத்திரைச் சீட்டுப் புதுப்பிக்க அப்பாவையோ அத்தையையோ அழைத்துக்கொண்டு போகிறீர்களே, டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கும்போதே சட்டையின் மேல் பொத்தான்கள் மூன்றைக் கழற்றி வையுங்கள். உள்ளே போனதும் சீட்டை நீட்டுவதற்கு முன், “நெஞ்சுலயும் வெச்சுப் பாருங்க டாக்டர்” என்று கேளுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பெரியவர் நடக்கும்போதோ படியேறும்போதோ ஒருமுறையாவது மயங்கி விழுந்திருந்தால் அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே கிளம்புங்கள்.